நஞ்சறிவோரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டின் மேல் நின்று தெற்கே நோக்கினால், பொழியூருக்கு அப்பால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. கிழக்கே பாறசாலை; வடக்கே தாலுகாவின் தலைநகராகிய நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லைக்கோடு பேச்சைப் பிரித்துவிடவில்லை. வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போரை இவ்வூர்க் கடைத்தெருவில் இன்றும் காணலாம்.

என் தமக்கையை மணம் செய்து கொடுத்தது இந்தப் பக்கத்தில்தான். அவள் மகன் வேதியியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்று, தடய அறிவியல் ஆய்வுச்சாலையில் உத்தியோகம் பெற வேண்டும் என்னும் ஆவலோடு தேர்வுக்குப் படித்து வருகிறான். சென்ற விடுமுறையில் நான் அங்கே தங்கியிருந்தபோது, "மாமா, இந்த வேலைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்ந்தெடுத்த பிறகு, அவர் செய்வது சரியா தவறா என்று யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டான். நானோ கலைப் பட்டதாரி. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். விஞ்ஞானத்தில் எனக்குள்ள உறவெல்லாம் காகிதத்தின் வழியாக ஏற்பட்டதே. இருப்பினும் அவன் கேள்வியின் இரண்டாம் பகுதி என்னை விடவில்லை. முதற்பகுதிக்கு விடை அரசிதழில் கிடைக்கும். இரண்டாம் பகுதிக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

அவன் இந்தத் துறையில் நாட்டம் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி, பாறசாலையைச் சேர்ந்த ஒரு கல்லூரி இளைஞர், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தமக்குப் பழக்கமான ஒரு வீட்டிற்குச் சென்றார். அங்கே அவருக்குக் கஷாயம் என்று சொல்லி ஒன்று கொடுக்கப்பட்டது. வீடு திரும்பும் வழியிலேயே வாந்தி தொடங்கிற்று. பதினொரு நாட்கள் மருத்துவமனைகளில் போராடி, அக்டோபர் 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார். கஷாயத்தில் கலந்திருந்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி என்பது வழக்கு. நெய்யாற்றின்கரைக் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் 2025 ஜனவரியில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 20-ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. செய்தி நாடெங்கும் பரவிற்று. பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் இருக்கும் நேயர்கள் பலர் அதனைப் படித்திருப்பீர்கள்.

செய்தித்தாள்கள் காதலையும் வஞ்சகத்தையும் பக்கம் பக்கமாக எழுதின. என் மருமகன் கேட்டதோ வேறு: "பதினொரு நாள் கழித்து உடம்பில் விஷம் இருக்குமா, மாமா?"

வேதியியல் மாணவனுக்கு உரிய கேள்வி இது. பாராகுவாட் உடலுள் புகுந்தால், சிறுநீரகங்கள் நன்கு இயங்கும்வரை, அதன் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களுக்குள் சிறுநீரின் வழியே வெளியேறிவிடும். எஞ்சியது நுரையீரலில் தங்கி, அதன் மென்மையான திசுக்களைச் சிறிது சிறிதாகத் தழும்பாக்கும். மூச்சு குறையும். அளவு மிகுதியாக இருப்பின் ஒரு சில நாட்களிலும், குறைவாக இருப்பின் வாரங்கள் கழித்தும் மரணம் நேரும். நஞ்சு போய்விடுகிறது, அது செய்த கேடு நின்றுவிடுகிறது. முதல் நாளன்று எடுத்த சிறுநீரில் சிறிது காரத்தையும் சோடியம் டைதயோனைட் என்னும் உப்பையும் சேர்த்தால், பாராகுவாட் போதிய அளவில் இருக்குமாயின் திரவம் நீலநிறம் கொள்ளும். கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யத்தக்க சோதனை இது. ஆனால் நாட்கள் கடந்தபின் உடலிலிருந்து எடுத்த உறுப்புகளில் அதே நஞ்சைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். அப்படியும் அது அகப்படாமற் போகலாம்.

அகப்படாதபோது ஆய்வாளர் என்ன எழுத வேண்டும்? இங்கேதான் ஆளெடுக்கும் பிரச்சினை தொடங்குகிறது.

நம் நாட்டில் இத்தகைய பணிக்கு முதன்முதல் ஆள் வைத்த பெருமை சென்னைக்கே உரியது. 1849-இல் அங்கே இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுச்சாலை ஏற்பட்டது. நஞ்சூட்டுக் கொலைகளில் உறுப்புகளைச் சோதிப்பதே அதன் தலையாய வேலை. பின்னர் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. அந்நாளில் இரசாயனப் பரிசோதகர் என்பவர் பெரும்பாலும் ஒரு மருத்துவ அதிகாரி. அவருக்கு உதவியாளர் சிலர். அவர் சொன்னால் சொன்னதே. அவரைச் சோதிப்பார் எவரும் இலர். சுதந்திரத்திற்குப் பின்னர், கைரேகை, துப்பாக்கி, கையெழுத்து, இரத்தம் என எல்லாத் தடயங்களையும் ஆராயும் முழு ஆய்வுச்சாலைகள் எழுந்தன. 1952-இல் கல்கத்தாவில் முதலாவது. திருவனந்தபுரத்தில் 1961-இல் ஏற்பட்டது காவல்துறையைச் சார்ந்த தடய அறிவியல் ஆய்வுச்சாலை. அந்நகரிலேயே இரசாயனப் பரிசோதனை ஆய்வுச்சாலை என்று தனித்த துறை ஒன்றும் உண்டு. நஞ்சு தொடர்பான உறுப்புகள் அதற்கே செல்லும். இரண்டும் ஒன்றென மயங்குவோர் படித்தவருள்ளும் பலர்.

இனி, தேர்வு முறை. கேரளத்தில் இவ்விரண்டிற்கும் கேரள பி.எஸ்.சி. வழியாகவே ஆளெடுக்கிறார்கள். வேதியியல், உயிரியல், பௌதிகம், ஆவணங்கள் என்று பிரிவு பிரிவாக விளம்பரம் வரும். தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறைக்கு இளநிலை அறிவியல் அலுவலர்களைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். மத்திய அரசாங்கத்தின் ஆய்வுச்சாலைகளில் மேல்நிலை விஞ்ஞானிகளை யூ.பி.எஸ்.சி. தேர்ந்தெடுக்கிறது. 2020-இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் "ஃபாக்ட்" என்றொரு திறனறி தேர்வும் நடத்துகிறது. அதில் தேறினால் தகுதிச் சான்று கிட்டும், வேலை தானாகக் கிட்டாது.

எல்லா இடத்திலும் வாயில் ஒன்றே: பட்டம், எழுத்துத் தேர்வு, சிற்சில இடங்களில் நேர்முகம். எழுத்துத் தேர்வு பெரும்பாலும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறை. ஆயிரக்கணக்கானோரைச் சல்லடையிட்டு அரிக்க அதனைவிட நடுநிலையான வழி நம்மிடம் இல்லை. சிபாரிசுக்கு அங்கே இடமில்லை என்பதை நான் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் அது அளப்பது நினைவாற்றலை. பாராகுவாட்டின் மூலக்கூற்று எடை என்ன என்று கேட்டு விடை பெறலாம். ஆய்வு மேசையின் முன் மாலை ஐந்து மணிக்கு, அன்றைய பன்னிரண்டாவது பொட்டலத்தின் முத்திரை சற்றே பிளந்திருப்பதைக் கண்டால் இவர் அதனைக் குறித்து வைப்பாரா, கண்டும் காணாதவர்போல் பிரிப்பாரா என்பதை அந்தத் தாள் சொல்லாது.

தேர்வுத் தாள் ஒருபுறம் இருக்க, தேர்ந்தெடுக்கவே ஆள் இல்லாத நிலையும் உண்டு. டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு ஒன்று 2023-இல் வெளியிட்ட அறிக்கை, தகவல் தந்த 26 ஆய்வுச்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட பதவிகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காலியாகக் கிடப்பதாகக் கூறிற்று. அதற்கடுத்த ஆண்டு, 2024 ஜூலை முதல் தேதியன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பெற்றது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய நிபுணர் ஒருவர் குற்றம் நிகழ்ந்த இடத்திற்கே செல்ல வேண்டும் என்று அதன் 176-ஆம் பிரிவு விதிக்கிறது. மாநிலங்கள் இதனை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. வேலை பெருகுகிறது, நாற்காலிகள் காலி. இந்நிலையில் அரசாங்கங்கள் விரைந்து ஆளெடுக்கவே விரும்பும். ஒப்பந்த அடிப்படையில் ஓராண்டுக்கு, ஈராண்டுக்கு என்று எடுப்பதும் நடக்கிறது. விரைவில் குற்றமில்லை. ஆனால் கையொப்பமிடும் அதிகாரத்தை விரைந்து கொடுப்பது வேறு விஷயம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடல் கடந்த நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை, பாஸ்டன் நகரில் போதைப்பொருள் ஆய்வுச்சாலை ஒன்றை நடத்தி வந்தது. 2003-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் வேதியியலாளர் சுறுசுறுப்பில் யாவரையும் விஞ்சினார். மற்றவர்களைவிட மிக அதிகமான மாதிரிகளை அவர் முடித்துக் கொடுத்தார். மேலதிகாரிகள் மகிழ்ந்தனர். அவர் நுண்ணோக்கியின் முன் அமர்வதையே காணோமே என்று உடன் வேலை செய்தோர் சிலர் ஐயுற்றதும் உண்டு. அது மேலே எட்டியும் பலனில்லை. 2012-இல் உண்மை வெளியாயிற்று. பல பொட்டலங்களை அவர் சோதிக்கவே இல்லை. கண்ணால் பார்த்து இன்ன பொருள் என்று எழுதியிருந்தார். சிலவற்றில் தாமே பொருளைக் கலந்துமிருந்தார். தாம் பெற்றதாகச் சொல்லி வந்த முதுகலைப் பட்டமும் பொய். ஆய்வுச்சாலை மூடப்பட்டது. 2013-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017-இல் அம்மாநிலத்தில் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ஒருசேரத் தள்ளுபடி ஆயின. அவற்றுள் மெய்யான குற்றவாளிகள் எத்தனை பேர், சோதிக்கப்படாத பொடிக்காகச் சிறையிருந்தவர் எத்தனை பேர் என்று இனி எவரும் பிரித்துச் சொல்ல இயலாது.

பட்டத்தைச் சரிபார்க்கவில்லை என்பது ஆளெடுத்தவர்களின் தவறு. அது சிறிய தவறு. ஒரு கடிதத்தில் தீர்ந்திருக்கும். பெரிய தவறு, மாதம் எத்தனை அறிக்கை என்று எண்ணி அதையே திறமை என்று கொண்டது. நிலுவை மலைபோல் குவிந்துள்ள நம் ஆய்வுச்சாலைகளிலும் இந்த எண்ணிக்கை ஆசை தலைகாட்டாமல் இராது. நீதிமன்றம் கேட்கிறது, சட்டமன்றம் கேட்கிறது; இயக்குநர் பாவம், எண்ணிக்கையைத்தானே காட்ட முடியும்?

அப்படியானால் வேறு எதனால் அளப்பது? ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் சர்வதேச அளவுகோல் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. நம் நாட்டில் அதன்படி அங்கீகாரம் வழங்குவது என்.ஏ.பி.எல். என்னும் அமைப்பு. அதன்படி ஒருவர் நியமனம் பெற்றதனாலேயே ஆய்வாளர் ஆகிவிடுவதில்லை. முதலில் மூத்தவரின் அருகிருந்து பார்க்க வேண்டும். பின்னர் அவர் பார்க்கத் தாம் செய்ய வேண்டும். அதன்பின், உள்ளே இருப்பது இன்னதென்று மேற்பார்வையாளர் மட்டுமே அறிந்த மாதிரிகளைத் தனியே சோதித்து விடை கூற வேண்டும். விடை சரியானால், அந்த ஒரு சோதனைக்கு மட்டும் அவருக்கு எழுத்து மூலமான அனுமதி கிடைக்கும். களைக்கொல்லிகளைச் சோதிக்க அனுமதி பெற்றவர் அதனாலேயே பாம்பு நஞ்சைச் சோதிக்கத் தகுதியுடையவர் ஆகார். இந்த அனுமதிப் பட்டியலை எந்த நேரமும் காட்டத்தக்க நிலையில் ஆய்வுச்சாலை வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் வெளியமைப்புகள் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்து, பிற ஆய்வுச்சாலைகளின் விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தொடர்ந்து நடக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. இது சோதனை மாதிரி என்று தெரிந்தால் எவரும் கவனமாகத்தான் செய்வார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பள்ளிக்கூடம் துப்புரவாக இருப்பதைப்போல. ஆகவே அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துத் தடய அறிவியல் மையம் 2015 முதல் வேறொரு முறையைக் கையாள்கிறது. பொய்யான வழக்கு ஒன்றைப் புனைந்து, மெய்யான வழக்கின் பொட்டலங்களோடு பொட்டலமாக அனுப்பிவிடுவார்கள். ஆய்வாளருக்கு அது தெரியாது. இங்கும் அதனைச் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. காவல்துறையும் ஆய்வுச்சாலையும் ஒருவரையொருவர் நம்பி ஒத்துழைக்க வேண்டும். பணத்தைவிட அதுவே அரிது.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்று 2006-இல் வெளியாயிற்று. இட்டியேல் ட்ரோர் என்னும் உளவியலாளர், அனுபவம் மிக்க ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஆளுக்கொரு ரேகை ஜோடியைக் கொடுத்தார். அவை, சில ஆண்டுகளுக்கு முன் அந்தந்த நிபுணரே "ஒத்திருக்கின்றன" என்று முடிவு கூறிய ரேகைகள். அதனை அவர்கள் அறியார். 2004-ஆம் ஆண்டு மாட்ரிட் குண்டுவெடிப்பில் அமெரிக்க நிபுணர்கள் தவறாக ஒருவர்மேல் பழி சுமத்திய ரேகை இதுதான் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. ஐவருள் மூவர் "ஒத்திருக்கவில்லை" என்றனர். ஒருவர் முடிவு கூற இயலாது என்றார். ஒருவர் மட்டுமே தம் பழைய முடிவில் நின்றார். ரேகை மாறவில்லை. அதனோடு சொல்லப்பட்ட கதை மாறிற்று.

நம் நாட்டில் பொட்டலத்தோடு காவல்துறையின் கடிதமும் போகிறது. இன்னார்மேல் சந்தேகம், இன்ன விஷம் என்று ஐயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ன தேடுவது என்று தெரியாமல் நஞ்சைத் தேட முடியாது. ஆதலால் ஓரளவு விவரம் இன்றியமையாததே. யார்மேல் சந்தேகம் என்பது வேதியியலுக்குத் தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகத்தில், அத்தகைய கடிதம் ஒன்றை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, "இதில் உமக்கு வேண்டாதது எது?" என்று கேட்டுப் பார்க்கலாம். மூலக்கூற்று எடையைவிட அது நல்ல கேள்வி.

இனி, என் தொழிலுக்கு நெருங்கிய ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. மாதிரி அறிக்கை ஒன்றின் முடிவில், இன்ன நஞ்சு கண்டறியப்படவில்லை என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கட்டும் என்று "நஞ்சு இல்லை" என்று எழுதிவிட்டேன். கைப்பிரதியைப் பார்வையிட்ட ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் அந்த வரியின்கீழ் சிவப்புக் கோடிட்டு, "ஐயா, நீங்கள் ஒரு கொலையை இயற்கை மரணம் ஆக்கிவிட்டீர்கள்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். படித்தபோது எனக்கு முகம் சுண்டிற்று. அவர் சொன்னது முற்றும் சரி. "கண்டறியப்படவில்லை" என்றால், எங்கள் முறையும் எங்கள் கருவியும் எட்டக்கூடிய அளவில், எங்களிடம் வந்த பொருளில் அகப்படவில்லை என்பது பொருள். "இல்லை" என்பதோ கடவுளுக்கு உரிய சொல். பாறசாலை வழக்குப் போன்ற ஒன்றில், பதினொரு நாள் கழிந்த உடலைப் பற்றி இந்த இரண்டு சொற்களுள் எதை எழுதுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் நியாயம் தொங்குகிறது. மறுபுறம், "காணப்பட்டது" என்று ஓர் ஆய்வாளர் துணிந்து எழுதினால் இன்னொரு குடும்பத்துப் பிள்ளையின் கழுத்து அதில் தொங்கும்.

அரசாங்க நிபுணரின் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலே சான்றாகக் கொள்ள முன்பிருந்த 293-ஆம் பிரிவும் இப்போதுள்ள 329-ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. நீதிமன்றம் விரும்பினால் அழைத்து விசாரிக்கலாம். அழைக்காதபோது அந்தத் தாளில் உள்ள சொற்களே நிபுணர். அழைத்தபோது, ஆங்கிலத்தில் எழுதியதை அவர் மலையாளத்திலோ தமிழிலோ எல்லோருக்கும் விளங்க விரித்துரைக்க வேண்டும். எல்லைப்புற வழக்குகளில் சாட்சிகள் ஒரு மொழி, ஆவணங்கள் ஒரு மொழி, நீதிமன்றம் ஒரு மொழி என்று நிற்பதும் உண்டு. கூண்டில் ஏறிய விஞ்ஞானி, குறுக்கு விசாரணையில் வக்கீலின் விருப்பத்திற்கு இசைந்து "இருக்கலாம்" என்பதை "இருக்கிறது" என்று நழுவவிட்டால், ஆய்வு மேசையில் அவர் பட்ட பாடெல்லாம் வீண். ஆகையால் சில நாடுகளில் பயிற்சியின் இறுதியில் மாதிரி நீதிமன்றம் அமைத்து, அதிலும் தேறியவரையே கையொப்பமிட விடுகிறார்கள். நம் தேர்வாணையங்கள் மொழியறிவுக்கென்று தாள் வைத்துள்ளன. அந்தத் தாளில் கடிதம் எழுதச் சொல்வதோடு நில்லாமல், ஓர் ஆய்வு முடிவைத் தெரு மனிதருக்கு விளங்கும்படி கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னால் பயன் மிகுதி.

மொழித்தாள் என்றவுடன், வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் வெளியான ஆணையின்படி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ் மொழித் தகுதித் தாள் கட்டாயமாக்கப்பட்டது. அதில் 40 விழுக்காடேனும் பெறாதவரின் மற்றத் தாள்கள் கணக்கில் கொள்ளப்பட மாட்டா. உங்கள் பிள்ளைகள் புனேயிலோ கொல்கத்தாவிலோ வேதியியலில் தங்கப் பதக்கமே பெற்றிருக்கலாம். சென்னையிலோ மதுரையிலோ ஆய்வுச்சாலையில் அமர வேண்டுமானால், வீட்டில் பேசும் தமிழை எழுதவும் பழகியிருக்க வேண்டும். மத்திய ஆய்வுச்சாலைகள் சண்டிகர், கொல்கத்தா, ஐதராபாத், போபால், புனே, குவாஹாத்தி போன்ற இடங்களில் உள்ளன. அவற்றிற்கு இந்த நிபந்தனை இல்லை.

பூவாரிலிருந்து புறப்படும் நாள் காலையில், என் மருமகனிடம் அந்தச் சிவப்புக் கோட்டின் கதையைச் சொல்லாமல், ஆங்கில வரியை மட்டும் ஒரு தாளில் எழிதிக் கொடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் காட்டு என்றேன். அவன் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். என் தமக்கை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். கடைசியில், "எந்த முறையில் சோதித்தார்கள் என்று இதில் போடவில்லையே, மாமா. அது தெரியாமல் எப்படி எழுதுவது?" என்று தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தான். தேர்வாணையத்தில் வெறுந்தாளுக்கு மதிப்பெண் கிடையாது. நான் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவனோடு சாப்பிடப் போனேன்.